பூச்சாடியும் ஒரு பொட்டலம் வாஷரும்

அத்தியாயம் 14

பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் முழுப் பொய் இல்லை, பாதிதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த பழைய சிநேகிதி, எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கக்கூட நிறுத்தாத அவளுக்கு விடுதியில் வாயாடி என்று பெயர். மனதில் இருப்பதை லேசில் வெளியே விடாத இவளுக்கு வாயாடி வைத்த பெயர் அமுக்குணி.

"எங்க வீட்டுக்காரர் பாலம் டிசைன் பண்றார்டி. எல்லாம் பெரிய பெரிய பாலம். உன் வீட்டுக்காரர்?"

அமுக்குணி வாசலைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் அப்போதுதான் யார் வீட்டு அடைப்பையோ எடுத்துவிட்டு, முழங்கால்வரை நனைந்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறிக் கொண்டிருந்தார்.

"தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைதான். இன்ஜினியர்" என்றாள்.

தண்ணீர் நிஜம். மிச்சம்தான் பொய்.

அந்தப் பாதிப் பொய்க்கு இப்போது விமான டிக்கெட் வந்துவிட்டது. பத்து நாள் வந்து தங்கினால்தான் ஆயிற்று என்று வாயாடி ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணியையும் கூட்டி வரச் சொன்னாள். பகல் பன்னிரண்டு மணிக்கு விமானம். அவள் வீட்டுக்காரரான குழாய்க்காரருக்கு அந்தப் பொய் தெரியாது. வாயாடிக்கு உண்மை தெரியாது. நடுவில் அமுக்குணிக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாகக் கூடத்தில் சூட்கேஸ் எடை போடும் படலம் ஆரம்பித்துவிட்டது. அமுக்குணி வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து எடை மெஷினை ஒரு நாள் இரவல் வாங்கி வந்திருந்தாள். குழாய்க்காரர் முதலில் தனியாக ஏறி நின்றார். பிறகு பெரிய சூட்கேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நின்றார்.

"கழிச்சுப் பாத்தா இருபத்தஞ்சு" என்றார்.

"இருபத்து மூணுதாண்டா விடுவான். ரெண்டு கிலோ கூட" என்றாள் அண்ணி. குழாய்க்காரரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் பேசினால் விசில் ஊதுவது மாதிரிதான் இருக்கும். "பெட்டிய விடு, முதல்ல உன் தொப்பைய எடை போடணும். போன வருஷத்துக்கு இப்ப அஞ்சு கிலோ ஏறியிருக்கே!"

"தொப்பைக்கு அவன் டிக்கெட் கேக்க மாட்டான்கா."

"அந்தப் பூச்சாடிய எடுத்துட்டா சரியா போயிடும்" என்று அமுக்குணி சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பூச்சாடியை வாங்கச் சொன்னது அண்ணி. பிடிவாதமாக வாங்கியது அமுக்குணி.

ஒரு மாதமாக அவர்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அங்கே போகும்போது என்ன கொண்டு போவது? சுவர்க் கடிகாரம் என்றாள் அண்ணி. "அங்க நேரமே வேறக்கா, போனதும் தப்பா காட்டும்" என்றார் குழாய்க்காரர். மெத்தை விரிப்பு என்று பேச்சு வந்தது. அளவு தெரியாது. வாசனைத் தைலம் வழியில் கொட்டும். கடைசியில் கடைக் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்துக்கொண்டு நின்ற அந்தக் கண்ணாடிப் பூச்சாடியை அண்ணி 'இதை வாங்கு' என்று காட்டியதும் அமுக்குணியின் மனம் அதிலேயே நின்றுவிட்டது. உயரமாக, ஒல்லியாக, பட்டை பட்டையாக வெட்டி, யானைக் கனம் கனத்தது. ஒரு இன்ஜினியர் வீட்டிலிருந்து வருகிற பரிசு மாதிரி இருந்தது.

அதைச் சுற்றி வைக்கத் துணி வேண்டும், இடமும் வேண்டும் என்பதால் குழாய்க்காரரின் சட்டைகளில் பாதி வெளியே வந்துவிட்டது. 

"நானும் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்" என்று மட்டும் போன வாரம் சொன்னார்.

"என்ன?"

"உன் சிநேகிதி வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுது."

அமுக்குணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ அவங்களோட வீடியோல பேசும்போது நான் ஓரமா உக்காந்து சாப்பிடுவேன் இல்ல? பின்னாடி கேக்கும். டொக்... டொக். போன வருஷம் நிமிஷத்துக்குப் பத்து சொட்டு. இப்ப நாப்பது. உள்ள இருக்கற வாஷர் செத்துப் போச்சு." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் பொட்டலம். ஏழு அளவில் ஏழு கறுப்பு ரப்பர் வளையங்கள், ஒரு சுருள் வெள்ளை டேப். "இதையும் நம்ம சின்ன ஸ்பேனரையும் எடுத்துட்டுப் போனா போதும். கனமும் இல்ல, உடையவும் செய்யாது."

"யாராவது பரிசா வாஷர் கொடுப்பாங்களாங்க?"

"அவங்க வீட்ல இல்லாதது அதுதானே?" என்றார். அவர் முகத்தில் கேலி ஏதும் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அந்த ஸ்பேனர்தான் இப்போது பெரிய சூட்கேஸின் மூலையில், அவருடைய மிச்ச சட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தது. பதினாறு வயதிலிருந்து அவர் கையில் இருக்கும் ஸ்பேனர். பிடி தேய்ந்து அவருடைய கட்டை விரலுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

அவர் குளிக்கப் போனார். அண்ணி செருப்பு தேடப் போனாள். அமுக்குணி சூட்கேஸைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, ஃப்ரிட்ஜ் மேல் பின்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"எடை குறையணும் இல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பாதிப் பொய்தான். ஸ்பேனர் இல்லாவிட்டால் அவர் அங்கே போய்க் குழாயில் கை வைக்க முடியாது. கை வைக்காவிட்டால் இன்ஜினியர் இன்ஜினியராகவே இருப்பார். கூடவே தன்னுடைய கனத்த ஸ்வெட்டரையும் இரண்டு புத்தகங்களையும் எடுத்து வெளியே போட்டாள். பெட்டியோடு மெஷினில் ஏறிக் கழித்துப் பார்த்தாள், சரியாக இருபத்து மூன்று.

நெஞ்சு மட்டும் லேசாகவில்லை.

விமான நிலையத்தில் பெரிய சூட்கேஸ் ஒரு சிக்கலும் இல்லாமல் போய்விட்டது. தகராறு பண்ணியது, அதோடு சரக்கில் போட வைத்த அண்ணியின் சின்னப் பெட்டிதான். எடை கூட என்று கவுன்டர் பெண் தலையை ஆட்டினாள். அண்ணி சளைக்கவில்லை. அங்கேயே பெட்டியைத் திறந்து, நடைப்பயிற்சி ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு, போட்டிருந்த மெல்லிசுச் செருப்பை உள்ளே போட்டாள்.

"அதுக்குள்ள அப்படி என்ன அண்ணி கனம்?"

"இந்த வயசுல எல்லாமே கனம்தாம்மா. நட, நட!"

அடுத்தது சோதனை வாசல். எல்லாரும் தட்டில் போனும் பெல்ட்டும் வைத்தார்கள். குழாய்க்காரர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தார். சீருடை போட்ட ஆள் அதைப் பிரித்து, ஒரு கறுப்பு வளையத்தை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன இது?"

"பரிசுங்க."

"யாருக்கு?"

"ஒரு குழாய்க்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அமுக்குணி, கூட வந்தவள் இல்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க பிளம்பரா?"

"ஆமாங்க. முப்பத்தாறு வருஷமா" என்றார் அவர். இத்தனை பேர் நடுவில், சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, பெயரைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

சீருடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "எங்க வீட்டு பாத்ரூம் குழாய், மூடினப்புறமும் ஒரு மணி நேரம் அழுவுது சார்."

"திருகுற மரை தேய்ஞ்சிருக்கும். வாஷர் மட்டும் மாத்தினா ஆறு மாசம் வரும். இந்தாங்க, இது சரியா இருக்கும். மெயின் வால்வை மூடிட்டுத்தான் கழட்டணும், மறந்துடாதீங்க."

அவன் வாஷரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு சல்யூட் வைத்தான். குழாய்க்காரர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஆறு வாஷர் மிச்சம்.

விமானம் ஏறியதும் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி மேகம் பார்த்தார். அமுக்குணி அவருடைய கைகளைப் பார்த்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போகாது. அங்கே போனதும் வாயாடி முதலில் பார்க்கப் போவது அந்தக் கைகளைத்தான்.

வாயாடியின் வீடு ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. மரப்படி ஏறும்போது ஒவ்வொரு படியும் ஒவ்வொரு விதமாக முனகியது. கதவு திறந்ததுதான் தாமதம்.

"அடியே அமுக்குணி! கிழவி ஆயிட்டேடி! நானும் ஆயிட்டேன், விடு! வாங்க அண்ணே, வாங்க. இவங்கதான் அண்ணியா? போட்டோல பாத்ததுக்கு நேர்ல சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்களே! ஷூ சூப்பர்! உள்ள வாங்க, பெட்டிய அப்படியே போடுங்க, டீ போடறேன். அவர் ஊர்ல இல்ல, வேலை விஷயமா போன வாரம்தான் கிளம்பினார், உங்களைப் பாக்க முடியலையேன்னு அவருக்கு ஒரே வருத்தம்..."

அண்ணி அமுக்குணியின் காதில், "இவளுக்கு விசிலே தேவையில்ல" என்றாள்.

வாயாடி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சின்ன வீடு. கூடம், சமையலறை, இரண்டு அறை. குளியலறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாஷ்பேசின். "இது எனக்கு, அது அவருக்கு. காலையில சண்டை வரக்கூடாதுன்னு!" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்புறம் பரிசு கொடுக்கும் நேரம். பெட்டியைத் திறந்து, சட்டைகளை விலக்கி, அமுக்குணி பூச்சாடியை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது. ஜன்னல் வெயில் பட்டுச் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒளி விழுந்தது.

"அய்யோ, எவ்வளவு அழகு!" என்றாள் வாயாடி. அடுத்த வார்த்தை அவளைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டது. "எங்கிட்ட இது நாலாவது!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எல்லார் கண்ணும் அதற்குள் அலமாரி மேலே போய்விட்டது. அங்கே மூன்று பூச்சாடிகள், மூன்றும் கண்ணாடி, மூன்றும் காலி, தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தன.

"நாலு பேர் இருந்தா ஒரு டீம்" என்றாள் அண்ணி. அவள் குரலிலும் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது.

யாரும் பேசாத அந்த நிமிடத்தில்தான் அது கேட்டது.

டொக். டொக். டொக்.

"அது ஒண்ணுமில்ல, சமையலறைக் குழாய்" என்றாள் வாயாடி. "போன வருஷமே ஆரம்பிச்சது, நாலு மாசமா உயிரை எடுக்குது. இங்க ஒரு ஆளைப் பிடிக்கறது குதிரைக்கொம்பு. போன் பண்ணினா, நாளைக்கு நாளைக்குன்னே சொல்றான். அடியில துணி மடிச்சுப் போட்டுப் பாத்தேன், அப்பவும் கேக்குது. நாலு மாசமா இந்த வீட்ல என்னை விட அதிகமா பேசறது இந்தக் குழாய்தான்!" அவள் குழாய்க்காரர் பக்கம் திரும்பினாள். "இன்ஜினியர் அண்ணே, உங்க தண்ணீர் டிபார்ட்மென்ட்ல இதுக்கெல்லாம் ஆளு இருப்பாங்க இல்ல? என்ன பண்ணணும்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

குழாய்க்காரரின் கை அப்போது சட்டைப் பைக்குள் இருந்தது. பொட்டலத்தைப் பிடித்துவிட்டிருந்தது.

"இன்ஜினியரா?" என்று அவர் கேட்கவில்லை. அமுக்குணியை மட்டும் பார்த்தார். ஒரே பார்வை. அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் தன்னை அவள் கேமரா முன்னால் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, ஏன் பூச்சாடிதான் வேண்டும் என்று நின்றாள், எல்லாம்.

பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது.

"கேட்டுச் சொல்றேங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரெல்லாம் திறந்து காட்டிய பொட்டலத்தை, விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை, இவளுக்காக மூடி வைத்துக்கொண்டார். அந்தக் கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன்னுடைய கைகளை அவர் மறைத்து அமுக்குணி பார்த்ததே இல்லை.

 அவள் வாயாடியின் பக்கம் திரும்பினாள்.

"அவர் இன்ஜினியர் இல்லடி."

"என்ன?"

"பிளம்பர். குழாய் வேலை பாக்கறவர். நான்தான் பொய் சொன்னேன். உன் வீட்டுக்காரர் பாலம் கட்டறார்னு சொன்னதும் எனக்கு நாக்கு புரண்டுடுச்சு. அவருக்குத் தெரியாது. இப்ப, இந்த நிமிஷம்தான் தெரியும்." அமுக்குணிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. "அந்தப் பூச்சாடி என் பரிசு. அவர் உனக்கு வேற கொண்டு வந்திருக்கார். நாம பேசும்போது ஒரு வருஷமா உன் குழாய் சொட்டறதைக் கேட்டு, எத்தனை சொட்டுன்னு எண்ணி, அதுக்குன்னே எடுத்துட்டு வந்திருக்கார். நீ என்னை என்ன வேணா திட்டு. ஏங்க, கொடுங்க. அந்தப் பொட்டலத்தைக் கொடுங்க!"

வாயாடி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. விடுதியில் இருந்த நாலு வருடத்தில் நடக்காத அதிசயம் அது.

அப்புறம் வந்தது பாருங்கள்.

"அடிப்பாவி! பிளம்பரா? நாலு மாசமா ஒரு பிளம்பருக்காக நான் தவம் கிடக்கேன்! நீ வீட்டுக்குள்ளயே ஒருத்தரை வச்சுக்கிட்டு இன்ஜினியர்னு சொல்லியா என்னை ஏமாத்தினே? இன்ஜினியரை வச்சு நான் என்னடி பண்றது? எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரே, பல்பு மாட்டக்கூடத் தெரியாது! அண்ணே, எழுந்திரிங்க! டீ அப்புறம்!"

குழாய்க்காரர் எழுந்தார். பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். வாயாடி அதைப் பிரித்து, ஆறு கறுப்பு வளையத்தையும் நகை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ஸ்பேனரை எடுத்துட்டு வரேன்" என்று அவர் பெட்டிப் பக்கம் நடந்தார்.

அமுக்குணி ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"இல்லங்க... அது அங்க இல்ல. நான்... காலையில எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டேன்."

அவர் நின்றார். இந்த முறை அவர் முகம் கொஞ்சம் வாடியது. பொய்க்குக்கூட அப்படி வாடவில்லை.

"ஃப்ரிட்ஜ் மேல பின்பக்கம். சுவத்தை ஒட்டி" என்றாள் அண்ணி.

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணி தரையில் உட்கார்ந்து தன் சின்னப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டை எடுத்து, உதறி, உள்ளேயிருந்து ஸ்பேனரை உருவினாள்.

"நான் பால் பாக்கெட் எடுக்கப் போனப்ப பாத்தேன். மறந்து வச்சுட்டான் முட்டாள் பயன்னு நினைச்சேன். டேய் தம்பி, நீ இதை விட்டுட்டு வேற நாட்டுக்குப் போவியாடா? அதான் எடுத்து உள்ள போட்டேன். இதுக்காகத்தான் அந்த கவுன்டர்ல ஷூவ மாட்டிக்கிட்டு நின்னேன். கால் இன்னும் வலிக்குது." பிறகு அமுக்குணியைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "மறந்து வச்சதில்லேன்னு இப்பத்தானே தெரியுது. அதை நாம வீட்ல போய்ப் பேசிக்கலாம். இப்ப எல்லாரும் சமையலறைக்கு, மார்ச்!"

சமையலறை அவருடைய மைதானம். உள்ளே நுழைந்ததுமே குழாய்க்காரர் ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. துணியை எடுத்துப் போட்டார். குழாயில் காதை வைத்தார். தொட்டியின் அடியில் தலையை விட்டு, வருடக்கணக்காக யாரும் தொடாத வால்வை ஸ்பேனரால் பிடித்து, அவசரமே இல்லாமல் திருகினார். வால்வு கிறீச்சென்று கத்திவிட்டு மூடிக்கொண்டது. ஆனால் கழுத்தோரம் கசிய ஆரம்பித்தது.

"பயப்படாதீங்க, பழசு. கடைசியில இறுக்கிடலாம். அடியில வைக்க ஒரு பாத்திரம் குடுங்க."

வாயாடி ஒரு சட்டியைக் கொடுத்தாள். போகவில்லை. கிண்ணம். அதுவும் இரண்டு பைப்புக்கு நடுவில் நுழையவில்லை.

"உயரமா, ஒல்லியா ஏதாவது?"

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி. பட்டை வெட்டினது!"

அமுக்குணி ஓடிப்போய்ப் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி அது இரண்டு பைப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. முதல் சொட்டு விழுந்ததும் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம்.

"பாத்தியா, கடைசியில உன் பரிசுக்கும் வேலை வந்துடுச்சு" என்றாள் வாயாடி. அண்ணியே சிரித்துவிட்டாள்.

அவர் குழாயின் தலையைக் கழற்றினார். பழைய வாஷர் பிஸ்கட் மாதிரிப் பொடிந்து வந்தது. அதை வாயாடியின் உள்ளங்கையில் வைத்தார். "இவன்தாங்க நாலு மாசமா பேசினவன்." புது வாஷரில் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததை வைத்தார். அது 'டப்' என்று உட்கார்ந்தது. வெள்ளை டேப்பைச் சுற்றி, தலையை மாட்டி, இறுக்கி, வால்வைத் திறந்து, அதன் கழுத்தையும் ஒரு பிடி பிடித்தார். கசிவு நின்றது.

குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. ஒரு விரலால் திருகி மூடினார்.

நாலு பேரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு இல்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. கூடத்துக் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"எங்க வீட்ல கடிகாரத்துக்குச் சத்தம் இருக்கா?" என்றாள் வாயாடி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, எத்தனையோ பேர் வந்தாங்க, எத்தனையோ கொண்டு வந்தாங்க. என் வீட்டைக் காது கொடுத்துக் கேட்டுட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அண்ணி இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். "கோல்!"

குழாய்க்காரர் கூச்சத்தில் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். நகக்கண்ணில் புதிதாகக் கறுப்பு ஏறியிருந்தது. அமுக்குணி, வாயாடி பார்க்கப் பார்க்க, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயாடி டீ வைக்கப் போனாள். அண்ணி நாலு பூச்சாடியையும் வரிசையாக அடுக்கி, எது உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையோடு மற்றக் குழாய்களையும் பார்த்துவிடலாம் என்று குழாய்க்காரர் குளியலறைக்குப் போனார். அமுக்குணி பின்னாலேயே போனாள்.

"எப்பலேருந்து நான் இன்ஜினியர்?" அவர் திரும்பாமல் கேட்டார்.

"ரெண்டு வருஷமா."

"பதவி உயர்வு கொடுத்தா சொல்ல மாட்டியா? ஒரு ஸ்வீட்டாவது வாங்கிட்டு வந்திருப்பேன்."

அவள் சிரிக்க முயன்றாள். அழுகைதான் வந்தது. "தப்புதாங்க."

"தப்புதான்" என்றார் அவர். இல்லை என்று சொல்லவில்லை. பிறகு, "ஆனா இன்னிக்கு நீ சொன்ன விதம் நல்லா இருந்துச்சு. வீட்டுக்குப் போய் எனக்கு வேலை கொடுக்கற மேஸ்திரிகிட்ட இன்னொரு தடவை அதே மாதிரி சொல்லணும்" என்றார்.

பேசிக்கொண்டே முதல் வாஷ்பேசின் குழாயைத் திறந்து மூடினார். அது நன்றாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். அது திரும்ப மறுத்தது. அழுத்தித் திருகினார். குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு காப்பி நிறத்தில் துருத் தண்ணீராகக் கக்கியது.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. குனிந்து பார்த்தார். தொட்டி விளிம்பு மேல் விரலை வைத்து எடுத்தார். தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது யார் குழாய்னு சொன்னாங்க?"

"அவ வீட்டுக்காரர். போன வாரம்தான் வெளியூர் போனாராமே."

"தினம் முகம் கழுவற குழாய் இப்படித் துப்பாது" என்றார் அவர் தணிந்த குரலில். "இதை யாரும் தொட்டு எட்டு மாசமாவது ஆகியிருக்கும்."

அமுக்குணி கண்ணாடிக்கு அடியிலிருந்த பலகையைப் பார்த்தாள். ஒரே ஒரு பல் துலக்கும் பிரஷ். ஒரே ஒரு சீப்பு. வரும்போது வாசலில் பார்த்த செருப்பு அலமாரியும் நினைவுக்கு வந்தது. அதிலும் எல்லாம் ஒரே அளவு, பெண்கள் செருப்பு.

பாதிப் பொய் என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் கூடவே வைத்திருந்தவள் ஆயிற்றே.

"கேக்கட்டுமா?"

"இப்ப வேண்டாம். உண்மையைச் சொல்ல நீ எவ்வளவு நாள் எடுத்துக்கிட்டே?"

சமையலறையிலிருந்து வாயாடியின் குரல் வந்தது. "அடியே அமுக்குணி! டீ ஆறுது! என் பிளம்பரை வெளிய விடுடி!"

"வரோம்டி!" என்று குரல் கொடுத்தாள் அமுக்குணி.

குழாய்க்காரர் அந்தக் குழாயை மூடவில்லை. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. அது தெளிகிறவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.